முகமூடியை இறக்கிய ஆம்புலன்ஸ்காரர்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். லாரி கழுவுவதில் தொடங்கி, யார் சிபாரிசும் இல்லாமல் ஆம்புலன்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். இருபத்தாறு வருடம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. படித்தவன் எவனாவது ஓட்டிக் காட்டட்டும், பார்ப்போம்! கால்வாயோரக் குடிசைச் சந்துகள் அத்தனையும் அத்துப்படி என்பதால் எல்லோருக்கும் அவர் சந்தண்ணன்.

அந்தச் சந்துகளில் வண்டி நுழையாது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நோயாளியை முதுகில் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். "வழி! வழி!" என்று கத்தவும் வேண்டும். முகமூடிக்குள்ளிருந்து கத்தினால் கோழிகூட நகராது. அதனால் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்துவார். அவர் குரலுக்குச் சைக்கிள்களெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெருமைதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

ஒரே மாதத்தில் தையல்காரரை மூன்று முறை சுமந்தார். மூன்று முறையும் மனிதர் இவர் காதோரம் இருமிக்கொண்டே வந்தார். "துணித் தூசிண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றாள் அவர் மனைவி. மூன்றாம் முறைதான் காசநோய் என்று தெரிந்தது. அதற்குள் சந்தண்ணனுக்கே இரண்டு வாரமாக இருமல்.

வீட்டில் பிறந்து ஐம்பது நாளான பேத்தி. தாத்தா நெஞ்சில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம். இவரோ சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, எக்ஸ்ரேவும் எடுத்துவிட்டு, வாசலோடு நின்றுகொண்டார். சட்டையில் டீசல் என்றார், முதுகு பிடித்திருக்கிறது என்றார்.

"ஏன், உங்க பேத்தி கடிச்சுப்புடுவாளா? பல்லு கூட முளைக்கல அவளுக்கு" என்று சீண்டினாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை. ஒருவேளை ஏற்கெனவே அவளுக்கு ஒட்டிவிட்டிருந்தால்? அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் முடிவு வாங்கப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரர் மனைவி நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணே, அது பழைய டிபிதான். எனக்குத் தெரியும். பாதியில மாத்திரைய நிறுத்திட்டாரு. மாத்திரைக்குப் போனா அரை நாள் வேலை போயிடும். வெளிய தெரிஞ்சா குடிசைய காலி பண்ணச் சொல்லுவாங்க. உங்ககிட்ட சொன்னா தூக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

"தூக்காம விட்டுட்டு வர்ற ஆளா நானு? சொல்லியிருந்தா மூஞ்சிய மூடிக்கிட்டுத் தூக்கியிருப்பேன், அவ்வளவுதானே!" என்று எரிந்து விழுந்தார். பிறகு குரல் இறங்கியது. "விடும்மா. மூடாதது என் கொழுப்பு."

நர்ஸ் சீட்டோடு வந்தாள். "சந்தண்ணே, சளியில ஒண்ணுமில்ல. எக்ஸ்ரேவும் சுத்தம். இது வெறும் வண்டிப்புகை இருமல். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வந்து காட்டுங்க."

"எனக்காவது, நோயாவது! இரும்பும்மா இந்த உடம்பு" என்றார். சொல்லிவிட்டு, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எங்க சந்துல வழி கேட்டு நாங்க கத்துறோம். நீங்க வாயத் திறக்கவே கூடாது."

"கத்துங்க, கத்துங்க. என் குரல்ல பாதி வந்தாலே பெரிசு."

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்தார், இரண்டு முறை. பாயில் மல்லாந்து படுத்து, "கொண்டா அவளை" என்றார்.

"முதுகு பிடிப்பு?"

"விட்டுடுச்சு."

பேத்தி அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்ததும் தூங்கிப்போனாள். இருமல் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கைக்குட்டையால் வாயைப் பொத்தி, சத்தமில்லாமல் இருமினார். அவள் விழிக்கவில்லை.