வர்ஜில் வைத்த பெயர் 'வாங்க'

ஆளில்லாத ஃபுட்பால் திடலில் வர்ஜில் ஸ்ட்ரவுட் மண்டியிட்டிருக்கிறார். எதிரணி நிற்கப்போகும் புல்லில் அவரது உள்ளங்கை. ஓஹாயோ பனிமூட்டம் விளக்குக் கம்பங்களை இடுப்புவரை விழுங்கியிருக்கிறது.

"சூடா இருக்கு முதலாளி," என்கிறார். நான் தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இந்த விளக்குக் கம்பங்கள் அத்தனையும் என் பட்டறையில் வெல்டிங் ஆனவை; சூறாவளி வந்தும் அசையவில்லை. ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன். எங்கள் பள்ளி அணியின் இந்தக் கோச்சிடம் மட்டும் என் தராசு நிற்பதில்லை.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் எங்களுடையது; எதிரணி கூட்டமாகப் பந்துக்காரன்மேல் பாய்வதை பிளிட்ஸ் என்போம். மற்ற கோச்சுகள் அதற்குச் சுவர் கட்டுவார்கள். வர்ஜில் கதவைத் திறப்பார். வெறியோடு வருகிறவனை முன்னால் யாரும் தடுக்கக்கூடாது. அவன் உள்ளே வந்ததும் நம் வரிசையின் மறுபக்கத்து ஆள் குறுக்கே ஓடி விலாவில் இடிப்பான். அவன் விட்டுவந்த இடைவெளியில் நம்மவன் பந்தோடு ஓடுவான். இதற்கு அவர் வைத்த பெயர் 'வாங்க'.

காபிக் கடையிலும் காலி வாசலைப் பார்த்துத் தலையசைப்பார்.

"யாரு கோச் வந்தது?" என்பாள் பரிமாறும் ப்ளாசம்.

"தெரிஞ்சவங்கதான்."

அவள் இப்போதெல்லாம் வாசலுக்கு முதுகு காட்டிக் காபி ஊற்றுவதில்லை.

இந்த வெள்ளிக்கிழமை தோற்றால் வர்ஜிலுக்கு வேலை இல்லை என்று பள்ளிக்குழு சொல்லிவிட்டது. குறுக்கே ஓடி இடிக்கவேண்டிய ஆம்ப்ரோஸோ மிரண்டு கிடந்தான்.

"நான் பிந்தினா டெரல் செத்துருவான் கோச். பந்து அவன் கையிலதானே இருக்கு."

"பிந்தமாட்ட. எதிராளி கிளம்புறது எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"அவன் தனியா வரமாட்டான்டா."

வெள்ளியன்று கடைசி வாய்ப்பு. திடலின் எல்லைக்கோட்டைத் தொட்டால்தான் வெற்றி. எதிரணி சிலைபோல நின்றது.

"வாங்க," என்றார் வர்ஜில், உதட்டுக்குள்.

அதற்குப் பிறகுதான் அவர்களுடைய பெரிய பையன் பாய்ந்தான். ஆம்ப்ரோஸ் பிந்தவில்லை. இடி விழுந்த சத்தம் எனக்கே நெஞ்சில் கேட்டது. டெரல் இடைவெளியில் நுழைந்து கோட்டைக் கடந்தான். ஊரே அவன் பின்னால் ஓடியது.

வர்ஜில் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓரடி ஒதுங்கினார். வெறும் புல்தரையில் ஒருவர்பின் ஒருவராக யாரோ கடந்துபோவதைப்போல அவர் கண்கள் மெல்ல நகர்ந்தன.