ஐஸ் பெட்டியின் அடியில் எரிந்த விளக்கு

அன்னவாசல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியை விட்டு இரண்டு மைல் வந்திருப்பேன். திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் துரத்தி வரவில்லை. வந்து நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கையை எத்தனை தடவை வேட்டியில் துடைத்தும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது.

இதை இப்போது எதற்கு எடுக்கிறேன் என்றால், போன வாரம் எங்கள் எதிர் வீட்டில் ஒரு சாவு. மருமகள் காஸ் அடுப்பை மூடிவிட்டு, "எடுத்த பெறகுதான் காப்பி, மாமா" என்றாள். சரியென்று தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை. அதற்குள் நெருப்பா இருக்கிறது அணைக்க? நான்தான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு காலத்தில் ஃபிரிட்ஜுக்குள் நெருப்பு இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள். அடியில் ஒரு இழுப்பறை, அதில் மண்ணெண்ணெய்த் தொட்டி, வட்டத் திரி. விளக்கு எரிந்தால் மேலே ஐஸ் கட்டும். எப்படி என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாமி ஊர்வலத்துக்குக் காஸ் லைட் தூக்கினேன், லாரியில் மூட்டை ஏற்றினேன், எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. காஸ் லைட் பழக்கத்தை வைத்துத்தான் ஜவுளிக்கடை முதலாளி தன் வீட்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார். உலகச் சண்டை முடிந்த மறு வருடம் அது.

முதலாளியின் சம்சாரம் மீனாட்சி அக்காவுக்கு நீரிழிவு. காலையிலும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும். மருந்து சூடாகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈர மணல் சட்டியில் வைத்துப் பார்த்தார்கள். புதுக்கோட்டை வெயிலுக்கு அந்த மணலே காலையில் வைத்தால் மத்தியானம் காய்ந்துவிடும். எங்கள் தெருவுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. திருச்சியில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்புகிறார், மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டி பெரிசும் சின்னதுமாக இரண்டு விற்கிறார் என்று கேள்விப்பட்டு முதலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரியதையே வாங்கிவிட அவருக்கு ஆசை.

"பெரிசு வந்தா ஆட்டுக்கல்லு எங்க போகும்? ஒங்க தலையிலயா?" என்றாள் அக்கா. உலக்கையைப் படுக்கப் போட்டு அடுப்படியை அளந்தாள். அடுப்புக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் அரை உலக்கை இடம். சின்னப் பெட்டிதான் வந்தது. நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே போக மறுத்தது. கதவைக் கழற்றித்தான் ஏற்றினோம்.

தரை சமமாக இல்லையென்றால் குளிராது. மேலே ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, அது ஒரு பக்கமும் சாயாத வரை காலுக்கு அடியில் அட்டை செருகினேன். சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளானால் கரி பிடிக்கும். குனிந்து பார்க்கச் சின்னதாக ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதில் பார்ப்பேன். "என்னப்பா, தல சீவுறியா?" என்பாள் அக்கா. தெருவே வந்து ஐஸ் தண்ணீர் குடித்துப் பல் கூசிப் போனது. அக்கா மட்டும் பழைய குழம்பை அதில் ஏற்றவே இல்லை. "மருந்து இருக்குற எடம்" என்பாள். பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சித்திரையில் எதிர் வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். மகன் மெட்ராஸிலிருந்து வரும்வரை எடுக்கமாட்டார்கள். அதுவரை தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. அக்காவும் முதலாளியும் எழவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டாள்: "அடுப்பெல்லாம் அணைச்சாச்சாப்பா?"

"ஆச்சுங்க" என்றேன். உள்ளே வந்தால் கண்ணாடியில் நீலச் சுடர். அடுப்படிக்குள் எரிகிற நெருப்புத்தானே இதுவும்? ஊர் முறை தெரிந்தவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரியை இறக்கி அணைத்தேன்.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோது, முதலாளி படுக்கை அறையில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றி ஊசியைக் கொதிக்க வைத்தார். நான் மருந்தோடு நின்று முழித்தேன். "மருந்துக்கு எரியிறது அடுப்பாடா?" என்றார் அவர், என் முழியைப் பார்த்து. அப்போதே சொல்லியிருக்கலாம். தெருவில் பிணம் கிடக்கிறது, திரும்ப ஏற்றினால் அது இன்னொரு தப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாகவும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம்தான் எடுத்தார்கள். பெட்டிக்குள் ஐஸெல்லாம் உருகித் தண்ணீர் ஆட்டுக்கல் வரை ஓடியிருந்தது. பதறித் துடைத்து, விளக்கை ஏற்றி, திரியை முழுதாகத் தூக்கினேன். சீக்கிரம் குளிரட்டும் என்று மூன்று குப்பிகளையும் ஐஸ் தட்டை ஒட்டி வைத்தேன். காலையில் மூன்றும் கல்லாக இறுகியிருந்தன. மடியில் கட்டி, உடம்புச் சூட்டில் உருக்கி, பழைய இடத்தில் வைத்தேன். அடியில் மாவு போல ஏதோ நின்றது. குலுக்கினேன், கலந்துவிட்டது. உறைந்த இன்சுலின் செத்த மருந்து என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரியும்.

அக்காவின் சிறுநீரில் நாலு சொட்டு எடுத்து நீல மருந்தில் விட்டு, கண்ணாடிக் குழாயைச் சுட வைத்துப் பார்ப்பார் முதலாளி. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, நல்லது. அன்று செங்கல் நிறமாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. அக்கா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள்.

"கருப்பட்டி தின்னியா?"

"சத்தியமா இல்லங்க. இவன் நாள் பூராம் அடுப்படியிலதான நிக்கிறான், கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா. தின்னாளா?"

"நான் கவனிக்கலீங்க" என்றேன்.

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. என்ன இவன் இப்படிச் சொல்கிறான் என்று யோசிக்கிற பார்வை. அதன் பிறகு முதலாளி வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றையும் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பெண்டாட்டியைத் திருடி என்றார். நான் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சில் அழுகின பழ வாடை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே இருந்த மருந்தைப் போட்டார்கள். மறுநாள் காலையில் கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். டாக்டர் எங்கள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முதலாளி தாழ்வாரத்துக்கு வந்து, "கடையில வாங்கும்போதே கெட்டதப் போட்டுக் குடுத்துட்டான்போல" என்றார்.

அந்த ஓட்டையிலும் நான் நுழைந்திருப்பேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன். அணைத்தது, ஏற்றியது, உருக்கியது எல்லாவற்றையும்.

அவர் கையை ஓங்கவில்லை. தூணில் சாய்ந்துகொண்டார். "அவளத் திருடின்னு சொன்னேனேடா" என்றார். பிறகு, "உள்ள போ. நான் சொல்லமாட்டேன். நீயே அவகிட்டச் சொல்லு."

வாசல் வரை போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையெல்லாம் ஊசி குத்திய புள்ளி. கால் சத்தம் கேட்டு, திரும்பாமலே, "யாரு?" என்றாள்.

நான் பின்வாசல் வழியாக வெளியே வந்து நடந்துவிட்டேன். என் துணி மூட்டைகூட அவர்கள் வீட்டிலேயே கிடந்தது.

பிறகு அவர் சொன்னாரா, அவள் பெயர் துடைக்கப்பட்டதா, தெரியாது. பல வருடம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் பாத்திரக்கடை. கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது எந்தப் பெட்டிக்குள்ளும் விளக்கு இல்லை, நீலச் சுடர் பார்க்கும் கண்ணாடி இல்லை. மருமகள் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு வெளிச்சம் வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியை விட்டு நடந்த அன்று ராத்திரி அன்னவாசல் சந்தைக் கொட்டகையில் படுத்தேன். காலையில் காப்பிக் கிளப் ஒன்றில் வேலை கேட்டேன். கிளப்காரர் மூக்கைச் சுளித்தார்.

"மண்ணெண்ண வாட அடிக்குதே. அடுப்பு வேல தெரியுமா?"

"தெரியும். ஆனா அடுப்பு வேணாங்க."

"அப்பறம் என்னத்தச் செய்வ? தண்ணி எறைக்கத்தான் ஆளு வேணும். கெணறு ரொம்ப ஆழம்."

"எறைக்கிறேங்க" என்று சொல்லிக் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன்.