காலியாக விட வேண்டிய கட்டம்

இந்த நாட்டில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறைக்குள் மாட்டி வைக்கிறார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அது ஏதோ ஒரு வீட்டின் விசித்திரம் என்று நினைத்தேன். பிறகு போன வீடுகளிலும் அதே இடத்தில் அதே மாதிரிக் காலண்டர். தினமும் கண்ணெதிரே இருந்தால் யாருடைய நாளும் மறந்துபோகாதாம். ஊட்ரெக்ட் நகரில் நான் வேலை செய்யும் சோதனைக்கூடத்திலும் ஒன்று தொங்குகிறது. அதில் ஜூன் இரண்டாம் தேதிக்கு நேராக என் பெயர் இருக்கிறது. இந்த ஜூன் இரண்டாம் தேதி காலை, உடன் வேலை செய்யும் மரைக்கே என் கையைக் குலுக்கி "கெஃபேலிசிடேர்ட்" என்று வாழ்த்தினாள். பிறகு என் பக்கத்து மேசைக்காரரின் கையையும் குலுக்கி அவரையும் வாழ்த்தினாள். பிறந்தநாள்காரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் இங்கே வாழ்த்து உண்டு. "உண்மையில் இது என் பிறந்தநாள் இல்லை" என்றேன். "அப்படியானால் எது?" என்றாள். "தெரியாது" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள்.

பெரிய துக்கம் ஒன்றைத் தொட்டுவிட்டதாக அவளுக்கு எண்ணம். துக்கமெல்லாம் ஒன்றுமில்லை. திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, தலைமையாசிரியர் என் உயரத்தைப் பார்த்தார், அந்த ஆண்டிலிருந்து ஐந்தைக் கழித்தார், ஜூன் இரண்டு என்று எழுதினார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். எங்கள் எல்லோரையும் ஒரே நாளில் பெற்றெடுத்தவர் அவர்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டும் விசாவும் அந்தத் தேதியை நம்பித்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டன.

என் வேலை மென்பொருளைச் சோதித்துச் சான்றளிப்பது. சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது புதிய தொழிலாகவே தோன்றவில்லை. ஒரு மருத்துவமனையின் கணினி இன்னொரு மருத்துவமனையின் கணினியோடு பேச வேண்டுமானால், எந்தத் தகவலை எந்த வடிவத்தில் அனுப்புவது என்று பொது விதிகள் வேண்டும். அந்த விதிப்புத்தகத்தைத் தரநிலை என்கிறோம். ஒரு மென்பொருள் நன்றாக இருக்கிறதா என்பது என் கேள்வி அல்ல. புத்தகத்தில் உள்ளபடி நடக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. நல்ல தகவலை அனுப்பிப் பார்ப்போம். குறையுள்ள தகவலை வேண்டுமென்றே அனுப்பியும் பார்ப்போம். எல்லாச் சோதனையிலும் தேறினால் சான்றிதழ். ஒன்றில் தவறினாலும் கிடையாது.

அந்தப் பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருள் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மென்பொருள். யார் சோதிக்கிறார் என்பது விண்ணப்பதாரருக்குத் தெரியாது. எங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் காட்டப்படும். மூன்று நாளில் ஒன்று தவிர எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன. அந்த ஒன்றில், பிறந்த தேதி இல்லாத ஒரு நோயாளியின் பதிவை அனுப்பினோம். தேதி தெரியாது என்ற குறிப்போடு, கட்டத்தைக் காலியாகவே அனுப்பிவிட வேண்டும் என்கிறது தரநிலை. இவர்களுடைய மென்பொருளோ நோயாளியின் வயதைப் பார்த்து, ஆண்டைக் கணக்கிட்டு, ஜனவரி ஒன்று என்று தானாகவே நிரப்பி அனுப்பியது. மரைக்கே திரையைப் பார்த்துவிட்டு, "இது எங்கிருந்து வந்தது? யாருமே கொடுக்காத தேதி அல்லவா?" என்றாள். எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே புரிந்தது.

ஊரில் எந்த ஜன்னலில் விண்ணப்பம் நீட்டினாலும், உள்ளிருப்பவர் முதலில் பார்ப்பது காலிக் கட்டத்தைத்தான். "இன்னாம்மா இது, இங்க ஒண்ணுமே எழுதாம கீது? எதனா எழுதிக் குடும்மா" என்று தாள் திரும்பி வரும். ஒருமுறை என் சாதிச் சான்றிதழுக்காக நைனாவும் நானும் வரிசையில் நின்றோம். அம்மாவின் பிறந்த தேதிக் கட்டம் காலி என்று திருப்பி அனுப்பினார்கள். நைனா வெளியே வந்து, மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்து, ஒரு தேதியை எழுதினார். யோசிக்கவே இல்லை. அடுத்த நிமிடம் விண்ணப்பம் உள்ளே போனது. நிரம்பிய கட்டம் உண்மையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இங்கே, இந்நாட்டு மருத்துவமனைகளில், பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். இரவல் தேதியோடு போகும் ஒருவருடைய ரத்த முடிவு, அதே பெயரும் உண்மையாகவே அந்தத் தேதியும் உள்ள இன்னொருவருடைய கோப்பில் போய் உட்கார்ந்துவிடலாம்.

முடிவைச் சொல்லக் காணொளி அழைப்பு. வழக்கம்போல் எங்கள் பக்கம் கேமரா இல்லை, குரல் மட்டும். மறுமுனையில் முனிரத்தினம் என்ற இளைஞர். அந்த மென்பொருளைக் கட்டியவர். கூட ஐந்து பேர். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர், "யெஸ், யெஸ்" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஒப்புக்கொண்டார் என்று மரைக்கே குறித்துக்கொண்டாள். அதே நேரம் அவர் பக்கத்திலிருந்தவரிடம் தமிழில் சொன்னார்: "இன்னாடா இது, காலியா அனுப்புனாத்தான் பாஸாம். நம்ம ஊர்ல அனுப்பினா மூஞ்சிலயே வீசுவான்." பக்கத்திலிருந்தவர், "அந்தம்மா வூட்ல ஃபார்மே ரொப்ப மாட்டாங்க போல" என்றார். சிரித்தார்கள். மைக் திறந்திருந்தது.

"ரொப்பி ரொப்பித்தாங்க இங்க வரைக்கும் வந்தேன்" என்றேன், தமிழில்.

ஆறு தலைகளும் திரைக்குப் பக்கத்தில் வந்தன. முனிரத்தினம் மெதுவாக, "அக்கா... எந்த ஊரு?" என்றார். திருத்தணிப் பக்கம் என்றேன். "ஐயோ! நான் அம்மையார்குப்பம்கா! டெய்லி திருத்தணில டிரெயின் புடிச்சி வந்துகினு கீறேன்!"

அதன் பிறகுதான் பேச்சு கடினமானது. வெள்ளிக்கிழமையோடு அவர்களுக்கு ஒதுக்கிய வாரம் முடிகிறது. அதற்குள் தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும். சான்றிதழ் இல்லாமல் எந்த மருத்துவமனையும் மென்பொருளைத் தொடாது. இந்தக் குழுவைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு கட்டம்கா. ஒரு தேதி போட்டா யாருக்கு இன்னா வந்துடப்போவுது? நீங்களே பார்த்துக்கங்களேன்." முடியாது என்றேன். "ஊர்க்காரங்கன்னு சந்தோசப்பட்டேன்" என்றார். பக்கத்திலிருந்தவர் முணுமுணுத்தார்: "சும்மா இருடா. ஊர்க்காரங்கதான் மொதல்ல ஃபெயில் போடுவாங்க."

பேசியதை ஒரு வரி விடாமல் மரைக்கேயிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். 'தவறியது' என்று பதிந்தேன். எப்படிச் சரிசெய்வது என்று சோதிப்பவர் சொல்லித்தரக் கூடாது. என்ன கொடுத்தோம், என்ன வந்தது, எந்தப் பிரிவின் எந்த வாக்கியத்தோடு அது முரண்படுகிறது என்று எழுதலாம். அதை நாளிதழில் பழகியபடி எழுதினேன். இரண்டாவது முறை படிக்கத் தேவையில்லாத நான்கு வாக்கியங்கள். என்னால் ஆன உதவி அதுதான், அது சின்ன உதவியும் அல்ல. பிழை எங்கே என்று தெரியாமல் தேடுபவனுக்கு வாரம் போதாது, தெரிந்தவனுக்கு இரண்டு நாள் போதும்.

வெள்ளி காலை புதிய பதிப்பு வந்தது. ஒரு வரியைத் திருத்தினாலும் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த முறை மரைக்கே ஓட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவு வந்தபோது கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் 'தெரியாது' என்ற குறிப்பு. முனிரத்தினம் பூசி மெழுகவில்லை. பதிவுத் திரையிலேயே 'பிறந்த தேதி தெரியாது' என்று தேர்ந்தெடுக்க இடம் வைத்து, தேதியை இட்டுக்கட்டும் பகுதியை அடியோடு எடுத்திருந்தார். மாலை நான்கு மணிக்கு எல்லாம் தேறின.

அறிக்கையை மூடும் படிவத்தின் கடைசிக் கேள்வி, விண்ணப்பதாரருடன் சோதிப்பவருக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா என்பது. ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். பேனா நின்றது. "நாங்கள் ஒரே ஊர்ப் பக்கம்" என்றேன். "முன்பே சந்தித்திருக்கிறீர்களா?" "இல்லை." "உறவா?" "இல்லை." "அப்படியானால் இது எப்படித் தொடர்பாகும்?" என்றாள் மரைக்கே. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. விதிப்படி அவள் சொன்னதே சரி. 'இல்லை' கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். சான்றிதழ் போனது.

சற்று நேரத்தில் சோதனைக்கூடத்தின் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. மரைக்கே எடுத்தாள். ஒன்றும் புரியாமல் என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, வந்துடுச்சு! ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தா எங்க வூட்லதான் சாப்பாடு. அரக்கோணம் ஸ்டேஷனுக்கே வந்து இட்டுகினு போறேன். வரேன்னு சொல்லுங்க."

என் முன்னால் படிவம் விரிந்து கிடந்தது. 'தனிப்பட்ட தொடர்பு: இல்லை' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஆங், வரேன்பா" என்றேன்.