வேறொருவர் மடி

வலது கண் சிறிது சிறிதாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. தைராய்டு என்று நினைத்தேன். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும்போது ஒரே வரி இரண்டாகத் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுக்குப் பின்னால் கட்டி. சதையைச் சோதித்துவிட்டு மெலனோமா என்றார்கள். டாக்டர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்: தோலுக்கு நிறம் தரும் செல்களில் உண்டாகும் புற்று, கண்குழிக்குள்ளேயே தொடங்குவது மிக அரிது. இமைகளோடு குழி முழுவதையும் எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். காயம் ஆறியதும் கதிர்வீச்சு.

அதற்காகத் தங்கை தன் மகளின் காதுகுத்தைத் தள்ளிவைத்தாள். "ஒன் மடியில வைக்காம எம் பிள்ளைக்குக் காது குத்திருவேனாண்ணே? நீ மொதல்ல எந்திரிச்சு வா." கதிர்வீச்சு அறையில் என் முகத்தை வலைமூடியால் மேசையோடு இறுக்கிவிட்டு, எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்தும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

பரவையில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குழந்தை என் கண்கட்டைத் தொட்டுப் பார்ப்பாள்.

"மாமா, உள்ள யாரு இருக்கா?"

"யாருமில்ல. காலி வீடு."

சிரித்தபடி மடியில் ஏறிக்கொள்வாள்.

காதுகுத்து அன்று தோடும் பட்டுப்பாவாடையும் தட்டில் வைத்துக் குலசாமி கோயிலுக்குக் கொண்டுபோனேன். தங்கை தட்டை வாங்கிக்கொண்டாள். தாய்மாமன் உட்காரும் மணையில், புது வேட்டியோடு எங்கள் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான்.

"வெயில் ஒனக்கு ஆகாதுல்ல, நிழல்ல உக்காருண்ணே. பிள்ளை வேற பயப்படுது," என்றாள் தங்கை.

"யாரு, அவளா?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "நல்ல காரியம்ணே. கொறையில்லாத ஆளா இருக்கட்டும்னு அத்தை சொல்றாக."

அவளுடைய மாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பதறி எழுந்தான். "அண்ணே, நீங்க உக்காருங்க. அக்கா போன வாரமே வேட்டிய எடுத்துக் குடுத்து, அண்ணன்ட்டப் பேசிட்டேன்னு சொன்னாக."

"நீ உக்காருடா," என்றாள் தங்கை.

உட்கார்ந்தான். ஆசாரி காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டாள். பயந்தது ஊசிக்கு.

நான் செருப்பை மாட்டும்போது தங்கை ஓடிவந்தாள். "சாப்புடாமப் போனா நாலு பேரு என்னண்ணே பேசுவாக?"

"ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிரு. நம்புவாக."

அடுத்த மாதம், ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். எந்த முடிவு வந்தாலும் முதலில் தங்கைக்குத்தான் போன் செய்வேன். இந்த முடிவை அவளுக்குச் சொல்லவில்லை.