அம்மருட்டில் ஓர் அசுவமேதம்

அம்மருட்டில் எங்கள் கட்டடத்தின் தரைமாடிக்காரருக்கு மட்டும் சன்னலுக்கு வெளியே ஒரு துண்டு நிலம் உண்டு. என் துண்டில் வெந்தயக்கீரையும் ஒரு பூசணிக்கொடியும் நின்றன. நோர்வேயில் நான் ஆண்ட பிரதேசம் அவ்வளவுதான். பக்கத்துத் துண்டு என் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவருடையது. இருவரும் ஒருவரையொருவர் 'அண்ணை' என்றுதான் அழைப்போம். மரியாதையால் அல்ல, வயது கூடியவர் மற்றவர்தான் என்று நிறுவுவதற்காக.

சென்ற கோடையில் அவர் தானாக ஓடும் புல்வெட்டி ஒன்றை வாங்கினார். அதற்கு எல்லை தெரிய மண்ணுக்குள் கம்பி பதிக்க வேண்டும். கம்பியை என் பக்கத்தில் ஒரு முழம் உள்ளே பதித்தார். ஒரே காலையில் கீரை போயிற்று.

அப்போது நான் வேதகால அரசுகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் மாடு கவர்ந்து திரிந்த சிறு குலங்கள். பிறகு தலைவன் அரசனாகி, ஒரு குதிரையை அவிழ்த்துவிடுகிறான். ஓராண்டு அது திரியும். பின்னால் வீரர்கள் போவார்கள். தடையின்றி அது மேய்ந்த நிலமெல்லாம் அவனுக்கு அடங்கியது. பிடித்துக் கட்டுகிறவன் போருக்கு நிற்க வேண்டும். இதை வாசித்தவன் சும்மா இருப்பானா? புல்வெட்டியைத் தூக்கிவந்து நிலவறையில் பூட்டினேன்.

மாலையில் கதவு அதிர்ந்தது.

"என்ர மெஷினை எடுத்தனீங்களோ, அண்ணை?"

"ஓம். கட்டிப்போட்டிருக்கிறன். அசுவமேதத்தில அப்பிடித்தான்."

"என்ன மேதம்? உங்களுக்கு விசரே?"

"கம்பியைப் பின்னுக்கு எடுங்கோ, குதிரையை விடுறன்."

"ஒரு பிடி கீரைக்கு இந்த ஆட்டம்! கூட்டத்தில வச்சுக் கதைக்கிறன்."

"அந்தச் சனியனைக் குடுத்துத் துலையுங்கோ" என்று உள்ளேயிருந்து என் மனைவி கத்தினாள். வேதகாலத்து அரசிகள் யாகத்தில் கணவனோடு அமர்ந்தார்களாம். இவள் அன்றே குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

குடியிருப்போர் கூட்டத்தில் இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். நிர்வாகக் குழுத் தலைவி வரைபடத்தை விரித்தார். இரண்டு துண்டுமே பொது நிலம்தான், இவ்வளவு காலம் பாவிக்க விட்டது பெருந்தன்மை, இனிப் புல்தரையாக்கிவிடலாம் என்றார். எங்கள் இருவருடையவை தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

சிறு குலங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கப் பெரிய அரசுகள் வந்து விழுங்கிய அத்தியாயத்துக்கு நான் அதுவரை வந்திருக்கவில்லை.

இந்த வசந்தத்தில் மண்ணைக் கிண்டிப் புல் விதைத்தார்கள். குழு வாங்கிய பெரிய புல்வெட்டி இரண்டு சன்னல்களுக்கும் அடியில் ஊர்கிறது. வேதகாலத்தில் மோதிக்கொண்டிருந்த குருநாடும் பாஞ்சாலமும் கடைசியில் கைகோத்துக்கொண்டனவாம். பக்கத்துத் துண்டுக்காரர் தன் சன்னலைத் திறந்தார்.

"எல்லாம் உங்களாலதான், அண்ணை."

"கம்பி தாட்டது ஆர், அண்ணை?" என்று கேட்டுவிட்டு, என் சன்னலை அடித்துச் சாத்தினேன்.