பிணை இல்லாத பாஸ்

இன்று நாங்கள் இருக்கும் ஒடாஹுஹுவிலிருந்து இரண்டு பஸ் மாறி அம்மாவை மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். மதிலால் பிரிந்திருந்த பேர்லினில் சாதாரணச் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு கண்காட்சி.

அடுப்பு, ரேடியோ, பள்ளிக்கூடப் பை எதற்கும் அம்மா நிற்கவில்லை. ஒரு பெண்ணின் படம் ஒட்டிய பயண அனுமதிச் சீட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“இது பாஸ் எல்லே?”

“ஓம் அம்மா.”

“இவவுக்கு ஆர் பிணை நிண்டது?”

அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். பிணையா, எதற்கு என்று முழித்தாள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர இயக்கத்தின் பாஸ் வேண்டும், போகிறவர் திரும்பும்வரை வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அம்மாவுக்காக அங்கே நிற்பது என் தம்பி. அம்மா திரும்பாமல் அவனுக்கு பாஸ் இல்லை.

அந்தப் பெண் சீட்டை மறுபடி உற்றுப் பார்த்தாள். இந்தச் சீட்டில் பிணை என்று ஒன்றும் இல்லையே என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன்.

“குடுத்து வைச்ச சனம்” என்றார்.

பேர்லின் மதிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் இந்த மின்னஞ்சல் குழுவில் வேறு யார் வீட்டிலாவது உண்டா? இருந்தால் எழுதுங்கள். அம்மாவுக்குத் துணையாக இருக்கும்.