எண்ணெய்க்கைக்கு ஊற்றிய தேநீர்

எங்கள் மலைநாட்டில், கோச்கோர் பக்கம், மருமகளாக வந்தவள் கொழுந்தன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். வந்த வாரமே நான் வைத்த பெயர் 'எண்ணெய்க்கை'. அவர் தொட்ட கதவிலும் ரொட்டியிலும், என் வீட்டுக்காரரின் கல்யாணச் சட்டையிலும்கூட கறுப்பு விரல் பதிந்திருந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு அவர் ஜுமாதில். எழுதுவது சொல்வதில் சேராது என்று வைத்துக்கொள்கிறேன்.

அவருக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு டிராக்டர் ஓடாமல் நின்றால் போதும், இவர் அதற்கடியில் போய்ப் படுத்துக்கொள்வார். பெண் தேநீரோடு வந்து பார்த்தால் செருப்பு மட்டும் வெளியே தெரியும்.

அவரிடம் இருப்பது ஒரு பழைய ரஷ்ய டிப்பர் லாரி. எஞ்சின் ஓடினால் பம்பு எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சிலிண்டருக்குள் போனால் சரக்கு ஏற்றும் பாடி எழும்பும், டேங்குக்குத் திரும்பினால் இறங்கும். இது போதாதென்று அதே எண்ணெயை ஒரு வால்வு வைத்துப் பின்பக்கம் திருப்பி, மரம் பிளக்கும் கருவி ஒன்றையும் ஓட்டப் போவதாகச் சொன்னார். கோடை முழுக்க எங்கள் முற்றத்தில் ரப்பர் ஹோஸ்கள் பாம்பு மாதிரி கிடந்தன. என் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின.

இதெல்லாம் யாருக்காக என்று எனக்குத் தெரியும். கடைத்தெருவில் ரொட்டி சுட்டு விற்கும் புருல்சாவுக்காக. கணவனை இழந்தவள், ஒரு நாளைக்கு ஒரு வண்டி விறகு கேட்கிற அடுப்பு அவளுடையது. இவருக்காக நான்தான் போய்ப் பேசினேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "அவரு ஒரு வேலையை முழுசா முடிச்சு நான் பார்த்ததில்லை அக்கா. அஷார் அன்னைக்கு வரட்டும். பதில் கிண்ணத்துல தெரியும்."

அஷார் என்றால் ஊரே கூடி ஒருவருக்குக் கூலியில்லாமல் வேலை செய்து கொடுப்பது. பனி விழுமுன் அவளுடைய மாட்டுக் கொட்டகைச் சுவரை எழுப்ப வேண்டியிருந்தது. கிண்ணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களில் பிடித்த விருந்தாளிக்குத் தேநீரை ஒரு வாய்தான் ஊற்றுவோம், அவர் மறுபடி மறுபடி நீட்ட வேண்டும். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். போன வருஷம் மாட்டு டாக்டர் அவளைப் பெண் கேட்டுப் போய், நிரம்பிய கிண்ணத்தைச் சூட்டோடு குடித்து நாக்கு வெந்து திரும்பினார்.

அன்று எண்ணெய்க்கை புது வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மணல் ஏற்றிய டிப்பரைப் பின்னுக்கு எடுத்து நெம்புகோலை இழுத்தார். பாடி பாதி எழும்பி நின்றுவிட்டது. மணல் அசையவில்லை. புதிதாகப் போட்ட ஹோஸும் மரம் பிளக்கும் சிலிண்டரும் எண்ணெயைக் குடித்துவிட்டன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அஷாரில் யாரும் சும்மா நிற்கக் கூடாது. ஆளுக்கொரு எண்ணெய் டின்னோடு வந்தார்கள். பாடி பாதி தூக்கியபடியே இருக்க, டேங்கில் வழிய வழிய ஊற்றினார்கள். இவரும் தலையாட்டினார். பாடி முழுக்க எழும்பியது, மணல் சரிந்தது. ஊரே கைதட்டியது. இவர் டேங்க் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பாடியை இறக்கினார்.

பால் பொங்குவதை எந்தப் பெண்ணும் பார்த்திருப்பாள். ஆண்கள் அன்றுதான் பார்த்தார்கள். சிலிண்டரில் இருந்த எண்ணெய் மொத்தமும் நிரம்பிய டேங்குக்குத் திரும்பி, அவர் முகத்தில் பாய்ந்தது. தொப்பி தேயிலை நிறமாகிவிட்டது. எல்லாரும் என் வீட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

எண்ணெய்க்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணனை விடுங்க. பாடியை இறக்கி வெச்சுட்டுத்தான் எண்ணெய் பார்க்கணும். தெரிஞ்சும் நான்தான் மறந்தேன்."

பிறகு அதிகப்படி எண்ணெயை டின்னில் வடித்தார், மரம் பிளக்கும் கருவியை மாட்டினார். ஆடம்பரப் பேச்சு இல்லை. புருல்சாவின் அடுப்புக்கான கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளந்து விழுந்தன. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் கடைசிக் கட்டை வரை நகரவில்லை. நான் இதுவரை பார்த்ததில் முழுசாக முடிந்த முதல் வேலை அதுதான்.

கடைசியாக வந்து உட்கார்ந்தார். புருல்சா கெண்டியை எடுத்தாள். கறியை மென்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மென்றார்.

அடி மறைகிற அளவு ஊற்றினாள். ஒரு மிடறு. நீட்டும்போது சொன்னாள், "டேங்குக்கு ஊத்தின மாதிரி ஊத்த எனக்குத் தெரியாது."

இவர் காது சிவந்தது, எண்ணெய்க்குள்ளும் தெரிந்தது. குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார், அப்புறம் மறுபடி. நான் எழுந்து வீட்டுக்குப் போகும்போதும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் போனேன். புருல்சா அந்த வெள்ளைக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு விரல்கள் போகவில்லை.

"போகாது," என்றேன். "கதவு, ரொட்டி, தலையணை, எல்லாத்துலயும் வரும். இப்பவே பழகிக்கோ தங்கச்சி."